கண்ணுக்குத் தெரியாத வயது

கார் வாங்குகிறவர்கள் அதன் நிறத்தைப் பார்க்கிறார்கள். இருக்கையைத் தடவிப் பார்க்கிறார்கள். எஞ்சினின் வலிமையை விசாரிக்கிறார்கள். வண்டிக்கும் பூமிக்கும் இடையே உள்ள ஒரே தொடர்பான டயரைப் பெரும்பாலும் எவரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. 63 வயதுவரை நானும் அவ்வாறே இருந்தேன். சென்ற ஐப்பசி மழையில் என் மகளுக்கு நேரவிருந்து அல்லாஹ்வின் அருளால் நேராமற்போன ஒரு விபத்து, என்னை ஒரு மாத காலம் டயர்களின் மாணவனாக்கிற்று. அப்போது கற்றவற்றையும், அதற்கு முன் நான் செய்த ஒரு தவற்றையும் ஒளிக்காமல் இங்கே எழுதுகிறேன். என்னைப் போல் முற்றத்தில் ஒரு பழைய வண்டியை நிறுத்தி வைத்திருப்போர் நம்மில் பலர் உண்டு.

அந்தக் கார் என் மூத்த மகனுடையது. 2019ஆம் ஆண்டில் அவன் ஆசை ஆசையாக வாங்கிய போக்ஸ்வாகன் போலோ ஜிடி. கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பதற்கு அதைவிடப் பொருத்தமான உதாரணம் சாலையில் கிடைப்பது அரிது. 1.2 லிட்டர் கொள்ளளவே உள்ள சிறிய எஞ்சின்; ஆயினும் அதனுள் காற்றை அழுத்திச் செலுத்தும் டர்போ என்னும் உறுப்பு, 105 குதிரைத் திறனை அதிலிருந்து கறந்து தந்தது. புனேக்கு அருகே சாக்கனில் உருவாகி வந்த அந்த வகைக் கார் 2022இல் இந்தியச் சந்தையிலிருந்து விடைபெற்றுக்கொண்டது. கார்ப் பிரியர்கள் இன்னும் அதை ஒரு பழைய நண்பனைப் போல் நினைவுகூர்கிறார்கள்.

வாங்கிய மறு ஆண்டே மகனுக்குத் துபாயில் வேலை கிடைத்தது. கார் எங்கள் காயல்பட்டினத்து வீட்டு முற்றத்தில் வேப்பமரத்தடியில் நின்றது. வாரம் ஒருமுறை எஞ்சினை ஓடவிடுவோம். அவன் விடுமுறையில் வரும்போது உறவினர் வீடுகளுக்குப் போய் வருவோம். அதற்குமேல் அதற்கு வேலையில்லை. அப்படி நின்று நின்றே ஆறு ஆண்டுகள் கழிந்தன.

இளைய மகளுக்குப் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் விரிவுரையாளர் பணி கிடைத்ததும், “காக்கா கார் சும்மாதானே நிற்கிறது, வாப்பா” என்றாள். போக வர ஏறத்தாழ 100 கிலோமீட்டர். குரும்பூர், ஆழ்வார்திருநகரி, ஸ்ரீவைகுண்டம், செய்துங்கநல்லூர் என்று தாமிரபரணியின் வாழைத் தோட்டங்களையும் வயல்களையும் ஒட்டிச் செல்லும் சாலை. உம்மாவுக்கு அச்சம், எனக்குப் பாதி அச்சம், பாதிப் பெருமை. புறப்படுமுன் வண்டியைச் சுற்றி வந்து, டயரின் பள்ளங்களில் விரலை விட்டுப் பார்த்தேன். ஆழமாகவே இருந்தன. “பட்டன் அப்படியே இருக்கிறது. இருபத்தோராயிரம் கிலோமீட்டர்தானே ஓடியிருக்கிறது, இன்னும் அவ்வளவு ஓடலாம்” என்று தீர்ப்புச் சொன்னேன்.

நான் செய்த தவறு அதுதான். எனக்குத் தெரியாத ஒன்றைப் பற்றித் தெரிந்தவன்போல் சாட்சி சொன்னேன். வாப்பா பார்த்துவிட்டார் என்ற நம்பிக்கையில் அவள் வண்டியை எடுத்தாள்.

ஐப்பசியில் ஒரு காலை. இரவெல்லாம் பெய்த மழை தூறலாகத் தேய்ந்திருந்தது. செய்துங்கநல்லூருக்கு இப்பால் ஒரு வளைவில் ஆடு ஒன்று குறுக்கே வர, அவள் பிரேக்கை அழுத்தினாள். வண்டியின் பின்பகுதி அவள் சொல்லைக் கேளாமல் பக்கவாட்டில் நழுவிற்று. முகப்புப் பலகையில் மஞ்சள் விளக்கு கண்சிமிட்டியது. சக்கரங்களைத் தனித்தனியே கட்டுப்படுத்தி வண்டியை நேராக்கும் மின்னணு அமைப்பு தன்னால் இயன்றதைச் செய்தது. வண்டி சாலையோரச் சேற்றில் இறங்கி நின்றது. ஆட்டுக்கும் காயமில்லை, அவளுக்கும் காயமில்லை. அல்ஹம்துலில்லாஹ். எதிரே ஒரு லாரி வந்திருந்தால் என்று எண்ணியபோது எனக்கு உறக்கம் போயிற்று.

இரண்டு நாள் கழித்தே அவள் இதைச் சொன்னாள். நான் உடனே சொன்னது, “இனிப் பஸ்ஸில் போ” என்பதுதான். அவள் கோபப்படவில்லை. “வாப்பா, நான் நாற்பதில்தான் வந்தேன். ரோடு வழுக்கவில்லை, பின்னால் வந்த பழைய வேன்கூட ஒழுங்காக நின்றது. நம் வண்டி மட்டும்தான் நிற்கவில்லை. என்னை நிறுத்துவதற்குமுன் வண்டியைப் பாருங்களேன்” என்றாள். அந்தச் சொல்லில் நியாயம் இருந்தது.

ஊரில் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரை அழைத்து வந்தேன். அவர் எஞ்சின் பக்கமே போகவில்லை. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதுமாகத் திருப்பச் சொல்லி, முன்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்தார். டயரின் பக்கச்சுவரில் ஒரு சிறு நீள்வட்டம். அதனுள் நான்கு இலக்கங்கள்: 1119. “இதுதான் இதன் பிறந்தநாள். 2019ஆம் வருடத்தின் பதினோராவது வாரம்” என்றார். பிறகு பள்ளத்தின் அடிப்பகுதியை விரலால் அகற்றிக் காட்டினார். வற்றிய குளத்தின் தரையில் தோன்றுவது போன்ற நுண்ணிய வெடிப்புகள். நகத்தால் அழுத்தச் சொன்னார். புதிய ரப்பரில் நகம் பதியும். இதில் மரப்பலகையில் அழுத்துவதுபோல் இருந்தது.

“பட்டன் இருக்கிறதே?” என்றேன்.

“பட்டன் இருக்கு, ரப்பர் போயிருச்சு” என்றார் அவர்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் உள்ள விஞ்ஞானத்தைப் பிறகு படித்தறிந்தேன். மரத்திலிருந்து வடித்த ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும், குளிரில் இறுகும். அதனைக் கந்தகத்துடன் சூடாக்கினால் நிலையான உறுதி பெறும் என்பதை 1839இல் சார்லஸ் குட்இயர் என்னும் அமெரிக்கர் கண்டறிந்தார். ரப்பரின் நீண்ட இழைகளுக்கிடையே கந்தகம் பாலங்கள் அமைக்கிறது. அதனால்தான் ரப்பர் நீண்டு மீள்கிறது. ஆனால் அந்த வேலை தொழிற்சாலையோடு முடிந்துவிடுவதில்லை. வெப்பமும் உயிர்வளியும் ஆண்டுக்கணக்கில் ரப்பரை மெல்ல மெல்ல மேலும் இறுக்கிக்கொண்டே போகின்றன. மிருது குறைகிறது, சாலையின் நுண்ணிய மேடுபள்ளங்களில் பதிந்து பற்றிக்கொள்ளும் ஆற்றலும் கூடவே குறைகிறது.

இதில் இன்னொரு செய்தியும் உண்டு. வெடிப்பைத் தடுப்பதற்காக டயரின் ரப்பரில் சில மெழுகுகளைச் சேர்க்கிறார்கள். சக்கரம் ஓடும்போது ரப்பர் வளைந்து நெளிவதால் அந்த மெழுகு மேற்பரப்புக்குக் கசிந்து வந்து காவல் புரிகிறது. நிற்கின்ற வண்டியில் அந்தக் காவலும் குறைந்துவிடுகிறது. ஓட்டாமல் வைத்திருந்தால் பொருள் பழுதாகாது என்று நாம் எண்ணுகிறோம். டயரைப் பொறுத்தவரை அது பொய். ஒரு நாளும் மண்ணை மிதிக்காமல் டிக்கிக்குள் கிடந்த ஸ்டெப்னியும் அதே 2019ஆம் ஆண்டுப் பிறவிதான். அதற்கும் அதே ஆறு வயது.

ஆறு ஆண்டுகளானால் மாற்றிவிடுவது நல்லதென்று பல கார் நிறுவனங்கள் சொல்கின்றன. பட்டன் எவ்வளவு இருந்தாலும் பத்து ஆண்டுகளுக்குமேல் பயன்படுத்தலாகாது என்று டயர் தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள். 2013ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று கலிபோர்னியாவில் நடிகர் பால் வாக்கரும் அவருடைய நண்பரும் உயிரிழந்த போர்ஷே கார் விபத்தை வாசகர்கள் அறிந்திருக்கலாம். மிதமிஞ்சிய வேகமே காரணம் என்றது காவல்துறை விசாரணை. அந்தப் பந்தயக்கார் போன்ற வண்டியின் டயர்களுக்கு ஒன்பது வயதாகியிருந்ததையும் அது குறிப்பிடத் தவறவில்லை.

சரி, புதிய டயர் வாங்குவதென்று முடிவாயிற்று. எதை வாங்குவது? இந்த ஊரில் எளிதாகத் தோன்றும் கேள்வி அது. கேட்டவர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு பெயரைச் சொன்னார்கள்.

முதலில் டயரின் எழுத்தைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். 195/55 ஆர் 16 87 வி. இதில் 195 என்பது மில்லிமீட்டரில் டயரின் அகலம். பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 55 விழுக்காடு. ஆர் என்பது உள்ளே இழைகள் மையத்திலிருந்து ஆரங்கள்போல் செல்லும் ரேடியல் அமைப்பைக் குறிக்கும். 16 அங்குலம் உள்வட்டின் விட்டம். 87 என்பது சுமைக் குறியீடு. ஒரு டயர் 545 கிலோ தாங்கும் என்று பொருள். கடைசி எழுத்தான வி, மணிக்கு 240 கிலோமீட்டர் வேகம்வரை தாங்கும் என்கிறது. எச் என்றிருந்தால் 210. அந்த வேகத்தில் யார் போகப்போகிறார்கள் என்று நானும் கேட்டேன். வேகம் என்பது டயருக்கு வெப்பம். அந்த எழுத்து வெப்பத்தைத் தாங்கும் வலிமைக்கும் அடையாளம். ஆகவே கதவுச் சட்டத்தில் ஒட்டியுள்ள அட்டவணை என்ன சொல்கிறதோ அதற்குக் கீழே இறங்குவது அறிவுடைமையன்று.

என் தங்கை மகன் கார்ப் பித்துள்ள இளைஞன். “மாமா, 205 போடுங்கள். வண்டி பார்க்கவே கம்பீரமாக இருக்கும், பிடிப்பும் கூடும்” என்றான். துபாயிலிருந்து மகனும் அதையே ஆமோதித்தான். நான் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டேன். பழைய அளவில் டயரின் முழு விட்டம் ஏறத்தாழ 621 மில்லிமீட்டர். 205/55 போட்டால் 632. வேறுபாடு இரண்டு விழுக்காட்டுக்கும் குறைவுதான். ஆனால் வேகமானி காட்டுவதைவிட வண்டி அந்த அளவுக்கு வேகமாகப் போகும். எரிபொருளும் சற்றுக் கூடும். அவற்றைவிட முக்கியமானது மழை. அதே எடை அகலமான பரப்பில் பரவும்போது, டயர் நீரைக் கிழித்துத் தரையைத் தொடுவதற்குப் பதிலாக நீரின்மேல் மிதக்கும் வாய்ப்பு அதிகமாகிறது. காய்ந்த சாலையில் வளைவுகளை விரும்புகிறவனுக்கு அகலம் இன்பம் தரலாம். மழையில் கல்லூரிக்குப் போகிறவளுக்கு அது தேவையில்லை.

எங்கள் பக்கத்து மழையை அறிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டிற்று. செந்தூர் விரைவு ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு தத்தளித்து நின்றது. அத்தகைய வெள்ளத்தில் எந்த டயரும் உதவாது. அன்று வீட்டில் இருப்பதே கடமை. ஆனால் ஐப்பசி, கார்த்திகையில் சாலைகளில் விரலளவு நீர் தேங்கி நிற்கும் நாள்கள் எத்தனையோ உண்டு. டயரின் பள்ளங்கள் அழகுக்காக வெட்டப்பட்டவை அல்ல. அந்த நீர் ஓடி வெளியேறும் வாய்க்கால்கள் அவை. புதிய டயரில் ஏறத்தாழ 8 மில்லிமீட்டர் ஆழம் இருக்கும். 1.6 மில்லிமீட்டராகத் தேய்ந்ததும், பள்ளத்தின் குறுக்கே அமைந்த சிறு மேடுகள் டயரின் முகத்தோடு சமமாகிவிடும். அது சட்டத்தின் எல்லை. மழைக்கு அதற்கு வெகு முன்பே மாற்றுவது நலம்.

ஒரு டயர் தரையைத் தொடும் பரப்பு எவ்வளவு தெரியுமா? ஏறக்குறைய ஓர் உள்ளங்கை. நான்கு உள்ளங்கைகள் ஏறத்தாழ 1,100 கிலோ எடையுள்ள வண்டியையும் அதில் உள்ளவர்களையும் பற்றிப் பிடித்திருக்கின்றன. பிரேக்குகளும், அந்தப் பிரேக்குகளை ஆளும் மின்னணுக் காவலர்களும் செய்வதெல்லாம் அந்த நான்கு உள்ளங்கைகள் வழியாகத்தான். அவை பற்றாவிட்டால் எத்தனை கணிப்பொறிகள் இருந்தும் பயனில்லை.

இனி ரப்பரின் குணம். மிருதுவான ரப்பர் நன்றாகப் பற்றும், விரைவில் தேயும். கடினமானது நெடுநாள் உழைக்கும், ஈரத்தில் ஏமாற்றக்கூடும். எரிபொருளை மிச்சப்படுத்த வேண்டுமானால் உருளும்போது ஏற்படும் தடையைக் குறைக்க வேண்டும். அப்போது பிடிப்புக் குறைய நேரிடும். பிடிப்பு, ஆயுள், சிக்கனம் என்னும் இம்மூன்றில் ஒன்றை இழுத்தால் மற்றொன்று விட்டுக்கொடுக்கும். 1990களில் ரப்பரோடு சிலிக்காவைக் கலக்கும் முறை பரவிய பிறகு இந்த இழுபறி ஓரளவு தணிந்தது, முற்றும் தீரவில்லை. ஆகவே எல்லாவற்றிலும் சிறந்த டயர் என்று எவரேனும் சொன்னால், எதற்குச் சிறந்தது என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

இதையெல்லாம் மகளிடம் விரித்துரைத்தேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “வாப்பா, காக்காவுக்கு வளைவில் வேகம் வேண்டும். உங்களுக்கு ஒரு லட்சம் கிலோமீட்டர் உழைக்க வேண்டும். ஓட்டுகிறவள் நான். எனக்கு மழையில் நிற்க வேண்டும்” என்றாள். ஒரு மாதப் படிப்பை அவள் ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

நாங்கள் முதலில் நுழைந்த கடை பளபளப்பானது. பெயர் வேண்டாம். விலையில் பெருந்தள்ளுபடி என்றார்கள். கறுப்பு மெருகு பூசிய நான்கு டயர்களை உருட்டி வந்து மாட்டத் தொடங்கினார்கள். மகள் குனிந்து தேதியைத் தேடினாள்; கிடைக்கவில்லை. அந்த நான்கு இலக்கங்கள் டயரின் ஒரு பக்கத்தில் மட்டுமே பொறிக்கப்படுவதுண்டு. அந்தப் பக்கத்தை உள்நோக்கித் திருப்பி மாட்டிக்கொண்டிருந்தார்கள். கழற்றிக் காட்டச் சொன்னோம். நான்கு ஆண்டுகளுக்குமுன் பிறந்த டயர்கள்! “கடையில் சும்மா இருந்ததுதானே சார், ஒரு கிலோமீட்டர்கூட ஓடவில்லை” என்றார் விற்பனையாளர். முற்றத்து வேப்பமரத்தடியில் நானும் அதையேதானே சொன்னேன்! அவரைக் கடிந்துகொள்ள எனக்கு வாய் வரவில்லை. சலாம் சொல்லாத குறையாக வெளியே வந்தோம்.

மதீனத்துக் கடைவீதியில் நடந்த ஒரு நிகழ்ச்சியை நாமெல்லாம் மதரஸாவில் கேட்டிருக்கிறோம். பெருமானார் (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலினுள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுதலை வன்மையாகக் கண்டித்தார்கள். சிறு வயதில் அதை வியாபாரிகளுக்கான போதனையாகவே எண்ணியிருந்தேன். வாங்குகிறவனும் குவியலுக்குள் கைவிட்டுப் பார்க்க வேண்டும் என்னும் பாடம் அதில் இருப்பது அன்றுதான் உறைத்தது.

இரண்டாவது கடை பாளையங்கோட்டையில் ஒரு சிறு கடை. உரிமையாளர் நெற்றியில் திருநீறு அணிந்த நடுவயதுக்காரர். மகள் கேட்ட டயரின் பெயரைச் சொன்னதும், “அந்த வகை இருக்கு பாய். ஆனா ரெண்டு வருசத்துக்கு முந்தினது. போடக்கூடாதுன்னு இல்ல; இருந்தாலும் பிள்ளை தினம் ஓட்டுது. நாலு நாள் பொறுத்தா புது லாட் வரும்” என்றார். எவரும் கேட்காமலேயே ஈரத்தை மேலே எடுத்து வைத்த அந்த மனிதர் மதீனத்து நிகழ்ச்சியைக் கேள்விப்பட்டிருக்க மாட்டார். அதன்படி நடந்துகொண்டார்.

செலவை எண்ணி, “இப்போது இரண்டு மட்டும் மாற்றலாமா? எஞ்சின் இருப்பது முன்னால்தானே, முன்னுக்குப் புதியது போட்டுவிடுங்கள்” என்று நான் ஒரு யோசனை சொன்னேன். அவர் சிரித்தார். இரண்டே மாற்றுவதானாலும் புதியவை பின்னால்தான் போக வேண்டுமாம். முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே போகும். ஓட்டுகிறவர் வேகத்தைக் குறைத்து மீளலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும். அதை மீட்பது பழகியவர்களுக்கும் கடினம். மகள் என்னைப் பார்த்தாள். அந்த வளைவில் நழுவியது பின்பகுதிதான் அல்லவா? நான் மறுபேச்சுப் பேசவில்லை.

நான்கு நாள் பொறுத்தோம். ஐ.எஸ்.ஐ. முத்திரையும், பிறந்து எட்டே வாரமான தேதியும் உள்ள நான்கு டயர்கள், வண்டிக்குரிய அதே 195 அளவில் வந்தன. ஸ்டெப்னிக்கும் புதியது ஒன்று. பேலன்சிங், வீல் அலைன்மென்ட் உட்பட 40,000 ரூபாய்க்கு நெருங்கிவிட்டது. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு மெல்லப் போகச் சொன்னார் கடைக்காரர். வார்ப்பில் ஒட்டிய வழவழப்பு சாலையில் உராய்ந்து நீங்க வேண்டுமாம். காற்றழுத்தத்தை வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போதே பார்க்க வேண்டும் என்றும் சொன்னார்.

காற்றடைத்த டயர் பிறந்த கதையை இந்தப் படிப்பினிடையே அறிந்தேன். அதற்கு உரிமைப் பட்டயம் முதலில் பெற்றவர் 1845இல் ராபர்ட் வில்லியம் தாம்ஸன். ஆயினும் உலகம் அதை மறந்துவிட்டது. 1888இல் பெல்பாஸ்ட் நகரில் ஜான் பாய்டு டன்லப் என்னும் கால்நடை மருத்துவர் அதை மீண்டும் உருவாக்கினார். வணிகத்துக்காக அன்று; தம் சிறு மகனின் முச்சக்கர வண்டி கடகடவென்று ஆடாமல் ஓடவேண்டும் என்பதற்காக. ஒரு தகப்பனின் கவலையிலிருந்து பிறந்த பொருள் அது. நானோ என் மகளின் டயரை ஒரு விரலால் தொட்டுப் பார்த்ததோடு என் கவலை தீர்ந்ததென்று எண்ணினேன்.

ஒட்டகத்தைக் கட்டிய பிறகே தவக்குல் என்பதை வெள்ளி மேடைகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கட்டும் கயிறு இற்றுப்போயிருக்கிறதா என்று பார்ப்பதும் கட்டுவதில் அடங்கும் என்று இப்போது விளங்குகிறது.

கார்த்திகையில் ஒருநாள் மாலை, நல்ல மழையில் அவள் திரும்பி வந்தாள். வாசலில் நின்றிருந்த என்னிடம், “வாப்பா, அதே வளைவு, இன்றைக்கு மாடு” என்றாள். “நின்றதா?” என்று கேட்டேன். “நின்றது” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

இப்போது மாதத்தில் இரண்டு வெள்ளிக்கிழமைகளில், பஜ்ரு தொழுதுவிட்டு வந்ததும் காற்றழுத்தமானியோடு அந்தக் காரைச் சுற்றி வருகிறேன். ஐந்து டயர்களின் தேதியும் என் நாட்குறிப்பில் எழுதப்பட்டிருக்கின்றன. அவள் புறப்படும்போது பயண துஆவை ஓதி ஊதுகிறேன். முன்பும் ஓதினேன், ஆனால் வண்டியைக் குனிந்து பார்க்காமல் ஓதினேன்.